இது ஒரு மலையா?

எழுத்தாளனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும் என்று உறவினர்கள் நம்பி விடுகிறார்கள். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, இந்த நம்பிக்கையால் என்னைத் தேடி ஒரு வழக்கு வந்தது. வாதி என் மாப்பிள்ளை. பிரதிவாதி என் பேரன்; வயது பதினைந்து. வழக்குக்குக் காரணமான சொத்து ஒரு சைக்கிள்.

சைக்கிள் என்றதும் நீங்களும் நானும் அறிந்த சைக்கிளை நினைத்துக் கொள்ள வேண்டாம். மணிக்கு இத்தனை காசு என்று வாடகைக்கு எடுத்து, பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைத் தேய்த்துக் கொண்டு நாம் கற்றோமே, அந்த ஜாதி வேறு. இதற்கு மட்கார்டு இல்லை. காரியர் இல்லை. ஸ்டாண்டும் இல்லை, சுவரில்தான் சாய்த்து வைக்க வேண்டும். டயர்கள் டிராக்டருக்குத் தம்பி போல் கட்டை கட்டையாக இருக்கின்றன. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் அதிர்ச்சி தாங்கும் குழாய்கள். இதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர். தீபாவளிக் காசும் பிறந்த நாள் காசும் சேர்த்து, மீதிக்கு அம்மாவைக் கரைத்து, யாரோ ஓட்டிய சைக்கிளைத்தான் பையன் வாங்கியிருந்தான். அப்படியும், அந்த விலைக்கு எங்கள் ஊரில் நல்ல கறவை மாடு ஒன்று வாங்கிக் கட்டியிருக்கலாம்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. மலைச் சைக்கிள்னா மலை வேணுமா, வேண்டாமா?" என்று தொடங்கினார் மாப்பிள்ளை. "இந்த நாட்டுல மலை ஏது? இருக்கறதிலேயே உசத்தி புக்கிட் தீமா. அதுவே நூத்து அறுபத்து மூணு மீட்டர் சொச்சம்தான். இவன் ஓட்டறது அங்கேகூட இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கிற பூங்காவில. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சைக்கிள்? வித்துட்டு ஒழுங்காப் படிக்கட்டுமே. அடுத்த வருஷம் பெரிய பரீட்சை."

வாதம் பலமாகத்தான் இருந்தது. போதாததற்கு, பையனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களே எதிர்த் தரப்புச் சாட்சிகளாக இருந்தார்கள். எல்லை தாண்டி மலேசியாவுக்குப் போய் நிஜமான குன்றுகளில் ஓட்டி விட்டு வருகிறவர்கள் அவர்கள். இந்தப் பூங்காவை 'தொட்டில்' என்று கேலி செய்வார்களாம்.

பையன் அதிகம் பேசவில்லை. "தாத்தா ஒரு நாள் வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு வித்துடுன்னு சொன்னா வித்துடறேன்" என்றான்.

நீதிபதிக்கு ஸ்தலத்தைப் பார்வையிடும் கடமை உண்டல்லவா? ஒரு சனிக்கிழமை காலை அவன் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு வர, நான் குடையை ஊன்றிக் கொண்டு கிளம்பினேன்.

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் இருக்கிறது செஸ்நட் இயற்கைப் பூங்கா. 'புக்கிட்' என்றால் மலாய் மொழியில் குன்று. உயரத்தை வைத்து மலையைச் சின்னது என்று சொல்லும் தைரியம் தமிழனுக்கு இருக்கக் கூடாது என்பது என் கட்சி. நம் திருச்சி மலைக்கோட்டையே 83 மீட்டர்தான். புக்கிட் தீமா அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று பாறையும் ஒரு முருகனும் இருந்தால் மலை என்று கும்பிடுகிற ஜனங்கள் நாம்.

பூங்காவின் பரப்பு 81 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 200. எங்கள் ஊரில் 200 ஏக்கர் வைத்திருந்தவரைச் சின்ன மனிதர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2016-ல் தெற்குப் பகுதியையும் 2017-ல் வடக்குப் பகுதியையும் திறந்தார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை. சைக்கிளுக்குத் தனிப் பாதை. சைக்கிள் பாதை மட்டும் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து 8.2 கிலோ மீட்டர் ஓடுகிறது. இதை ஏன் உண்டாக்கினார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். பக்கத்தில் நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பழைய காடு இருக்கிறது. ஜனங்கள் எல்லோரும் அதற்குள் புகுந்தால் காடு தாங்காது. ஆகவே அதன் ஓரத்தில் இப்படிப் பூங்காக்களை அமைத்து, ஓடுகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் இங்கே இழுத்துக் கொள்கிறார்கள். கோயிலில் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி வெளிப் பிராகாரம் இருக்கிறதே, அந்த மாதிரி. குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாட வேண்டிய இடம் பிராகாரம்தானே?

பேரன் தலைக்கவசத்தை மாட்டிக் கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். பாதையின் குறுக்கே மழைத் தண்ணீர் ஒரு முழம் அகலத்துக்குத் தேங்கி நின்றது.

"இதை எப்படித் தாண்டறதுன்னு சொல்லுங்க தாத்தா."

"ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டியதுதான்."

"அதுதான் தப்பு. ஒவ்வொருத்தரும் ஓரமா ஒதுங்கினா பாதை அகலமாயிட்டே போகும், செடியெல்லாம் போயிடும். நடுவுலயேதான் போகணும். இன்னும் ஈரமா இருந்தா வரவே கூடாது. சக்கரம் பள்ளம் பறிச்சுடும். அடுத்த மழைக்கு அது வாய்க்கால் ஆயிடும்."

வருஷத்துக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் அது. பாதையை ஒரு பக்கம் லேசாகச் சரித்து, அங்கங்கே மேடும் பள்ளமுமாக வைத்து வெட்டியிருப்பதே, தண்ணீர் பாதை வழியே ஓடாமல் பக்கத்தில் வழிந்து போவதற்காகத்தான் என்றும் விளக்கினான். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மறக்கிற பையன், மண்ணைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒரு வளைவுக்கு என்னை அழைத்துப் போனான். ஏறக்குறைய முப்பது அடி நீளச் சரிவு. அதன் நடுவே ஒரு மரத்தின் வேர்கள், கிழவன் கைநரம்பு போலப் புடைத்துக் கொண்டு குறுக்கே கிடந்தன. வேருக்கு அப்பால் பாதை சட்டென்று இடப்புறம் திரும்புகிறது.

"இங்கே பதினோரு தடவை விழுந்திருக்கேன்" என்றான், பரிசு வாங்கியவன் மாதிரி.

மேலேயிருந்து வந்தான். ஆசனத்தில் உட்காரவில்லை, பெடல்களின் மேல் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை மடக்கியிருந்தான். முன் சக்கரம் வேரில் ஏறி வழுக்கியது. பன்னிரண்டாவது தடவையாக விழுந்தான். நான் குடையைப் போட்டு விட்டு ஓடினேன். அதற்குள் எழுந்து முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக் கொண்டிருந்தான்.

"வேரையே பார்த்துட்டேன் தாத்தா. அதான். கண்ணு எங்கே பார்க்குதோ அங்கேதான் சக்கரம் போகும். வேரைப் பார்க்கக் கூடாது; வேருக்கு அந்தப் பக்கம் பார்க்கணும்."

மறுபடியும் சைக்கிளை மேலே தள்ளிக் கொண்டு போனான். மறுபடியும் வந்தான், காலை ஊன்றி விட்டான். மூன்றாவது முறை, சக்கரம் வேர் மேல் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. பையன் வளைவில் திரும்பி மரங்களுக்குள் மறைந்து விட்டான். ஒரு நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து ஒரு கூச்சல் மட்டும் கேட்டது. சந்தோஷக் கூச்சல்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது அடி மண்ணில் இருபது நிமிஷம் செலவழித்திருந்தான். மாப்பிள்ளையும் சிநேகிதர்களும் பூங்காவை அளந்தது கிலோ மீட்டரில். பையன் அளப்பது அடியில்.

அன்று சாயங்காலம் தன் கட்சிக்கு ஆதாரங்களையும் காட்டினான். இந்த விளையாட்டு பிரபலமானதே கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள ஒரு சரிவினால்தான். 1976 அக்டோபர் 21-ல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. சரிவின் நீளம் சுமார் இரண்டு மைல். சில இளைஞர்கள் பழைய காயலான் சைக்கிள்களைத் தட்டி நிமிர்த்தி, அதில் உருண்டு இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேருவதற்குள் அதிலுள்ள கிரீஸ் எல்லாம் புகைந்து போய் விடுமாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபது வருஷம் கழித்து, 1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இடம் பெற்று விட்டது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கதை இன்னும் வேடிக்கை. எலான்கூர் என்ற குன்றில் போட்டி. அது கடவுள் வைத்த குன்றல்ல; பழைய கல் குவாரி இருந்த இடத்தில் இடிபாடுகளைக் கொட்டி மனிதன் எழுப்பியது. உயரம் 231 மீட்டர். ஒரு சுற்று 4.4 கிலோ மீட்டர். இந்தப் பூங்காப் பாதையில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதையேதான் உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். இங்கிலாந்துக்காரர் டாம் பிட்காக் நடுவில் டயர் பஞ்சராகிப் பின் தங்கி, சக்கரத்தை மாற்றிக் கொண்டு, துரத்திப் பிடித்துத் தங்கம் வாங்கினார்.

இத்தனையும் கேட்ட பிறகும், மாப்பிள்ளையின் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சின்ன இடத்தில் கிடைக்காத சங்கதிகள் உண்டு. ஒரு மணி நேரம் விடாமல் ஏறுகிற ஏற்றம் அங்கே இல்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போகிற இறக்கம் இல்லை. வருஷம் ஒன்றானால் வளைவெல்லாம் மனப்பாடமாகி விடும். அப்புறம் பையன் வேறு மலைக்குக் கிளம்பத்தான் செய்வான். இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, தீர்ப்பை மனத்துக்குள் எழுதிக் கொண்டு, முதலில் மகளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவள் அப்பளம் பொரித்துக் கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் திரும்பாமலே.

"என்ன சொல்லப் போகிறேன்?"

"இந்தச் சின்ன இடத்துல இதைக் கத்துக்கிட்டு என்ன ஆகப் போகுதுன்னு கேப்பீங்க."

குரலில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. மழை வரும் என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள். அப்பளத்தை வடிதட்டில் போட்டாள்.

எனக்குத்தான் எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது போல் இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊரில் ஓர் அம்மாள் வீணை சொல்லிக் கொடுத்து வந்தார். வயதானவர், மொத்தம் இருபது கீர்த்தனை தெரிந்தால் அதிகம். மகள் ஒன்றரை வருஷம் போனாள். வர்ணம் வரைக்கும் வந்து விட்டாள். இடது கை விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. "இந்தப் பட்டிக்காட்டில் கற்றுக் கொண்டு என்ன ஆகப் போகிறது? மாற்றலாகிச் சென்னைக்குப் போனதும் நல்ல வித்வானிடம் சேர்த்து விடுகிறேன்" என்று நான்தான் நிறுத்தினேன். மாற்றல் வருவதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் விரலும் மிருதுவாகி விட்டது. வீணையும் கை மாறி விட்டது.

அதே ஊரை வைத்து, அதே தெருவை வைத்து, நான் மூன்று நாவல் எழுதியிருக்கிறேன். எனக்குப் போதுமான ஊர் அவளுக்குப் போதாது என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தேன் என்பது, அந்த அடுப்படியில் நின்றபோது எவ்வளவு யோசித்தும் புலப்படவில்லை.

மறுநாள் காலை காப்பி ஆனதும் தீர்ப்புச் சொன்னேன். சைக்கிள் வீட்டில் இருக்க வேண்டியது. பரீட்சை முடிகிற வரையில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பூங்காவுக்குப் போக வேண்டியது. மழை பெய்த மறுநாள் போகக் கூடாது. அது பரீட்சைக்காக அல்ல, பாதைக்காக.

"அப்போ, அது மலைங்கறீங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"பன்னிரண்டு தடவை விழுவதற்கு இடம் இருக்கிறது, மாப்பிள்ளை. அது போதும்."

அவர் சிரித்து விட்டார். நல்ல மனிதர். பதினைந்து வயதில் எனக்கு இப்படி ஒரு தகப்பனார் இருந்திருந்தால், அப்பீல் செய்யவே தோன்றியிருக்காது.

ஊருக்குத் திரும்பும் நாளில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மகளும் நானும் காரின் பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பூரில் இந்திய நுண்கலைக் கழகம் என்று ஒன்று 1949-லிருந்து இருக்கிறது. அங்கே வீணையும் சொல்லித் தருகிறார்கள் என்பதை நான் முன்னமே தெரிந்து கொண்டிருந்தேன். இரண்டு மாதமாகக் கேட்க நினைத்து, கேட்க வாய் வராமல் இருந்து, கடைசியில் வெளியே பார்த்துக் கொண்டே கேட்டேன்:

"அங்கே பெரியவர்களையும் சேர்த்துக் கொள்வார்களா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. இடது கையை மடியில் மலர்த்தி, கட்டை விரலால் மற்ற விரல்களின் நுனியைத் தடவிப் பார்த்துக் கொண்டாள்.

"விசாரிக்கணும்" என்றாள்.

ஊர் வந்து மூன்று மாதமாகிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம். பேரன் அந்த வேரை இப்போது கண்ணை மூடிக் கொண்டு தாண்டுவதாகச் சொல்கிறான். விசாரித்தாளா என்று அவளிடம் மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.