வேகமும் உத்தரவாதமும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருட இடைவெளியிற் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. உத்தரவாதம் என்ற சொல்லையே நாட்டில் அனேகர் மறந்துபோயினர். இப்பொழுது புதிய வண்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு சிறு புத்தகமும் வருகிறது. திறப்பைக் கையில் வாங்கும் அவசரத்தில் அதனைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலர். எமது தமக்கையாரின் மகன் புரட்டவில்லை. ஆகையால் அது எம்மிடம் வந்து சேர்ந்தது.

பிள்ளை உரும்பிராயிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவான். வரும்போது கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் ஏற்றி வருவான். 2025 நடுப்பகுதியில் டர்போ பூட்டிய டீசல் பிக்கப் ஒன்றை ஐந்து வருட லீசிங்கில் எடுத்தான். முற்பணத்துக்குத் தமக்கையாரின் காப்புகள் வங்கிக்குப் போயின. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைப் பற்றிய பேச்சாக எம் வீட்டு விறாந்தையில் ஆரம்பித்தது, உண்மையில் அந்தக் காப்புகளைப் பற்றிய பேச்சாகவே இருந்தது.

"மாமா, கொம்பனிக்காரர் வேணுமெண்டு எஞ்சினைக் கட்டிப்போட்டு விக்கிறாங்கள். பலம் உள்ளுக்கை கிடக்கு. அதை அவிட்டு விடுறதுதான் இவையின்ரை வேலை. மடிக்கணினியைக் கொழுவினால் அரை மணித்தியாலம்" என்றான். ரம்பொடை ஏற்றத்தில் பாரத்தோடு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போவது அவனுக்குப் பெரும் மனக்குறை. பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றனவாம்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இக்கால எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணினி. எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில் எவ்வளவு டீசலைப் பீச்சுவது, எந்தக் கணத்திற் பீச்சுவது, டர்போ காற்றை எவ்வளவு அழுத்துவது என்பனவெல்லாம் அட்டவணைகளாக அதனுள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த அட்டவணையை அழித்து வேறொன்றை எழுதுவதே இந்த ரியூனிங். டர்போ உள்ள எஞ்சினில் ஐந்திலொரு பங்கு பலம் கூடுவது சர்வசாதாரணம். சிலவற்றில் அதற்கு மேலும் கூடும். டர்போ இல்லாத சிறிய காரில் இதே வேலையைச் செய்தால் கிடைப்பது சொற்பம். காசு போனது மட்டுமே மிச்சம்.

அப்படியானால் தொழிற்சாலைக்காரன் அந்தப் பலத்தை ஏன் விட்டுவைத்தான்? கஞ்சத்தனத்தினால் அன்று. ஒரே எஞ்சின் பாலைவனத்திலும் பனியிலும் ஓட வேண்டும். நல்ல எண்ணெயிலும் மட்டமான எண்ணெயிலும் ஓட வேண்டும். சேர்விசைத் தவறவிடும் சோம்பேறியின் கையிலும் ஓட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒதுக்கிவைத்த இடைவெளி அது. கலியாண வீட்டில் நூறு பேருக்குச் சொல்லிவிட்டு நூற்றிருபது பேருக்கு உலை வைப்பது போன்றது.

இதற்கு நல்ல உதாரணம் ரொயோட்டா ஹைலக்ஸ். அதன் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினின் பலத்தை 2020 ஆம் ஆண்டில் அந்தக் கொம்பனியே 130 கிலோவாற்றிலிருந்து 150 கிலோவாற்றுக்கு உயர்த்தியது. ஆனால் அட்டவணையை மாத்திரம் மாற்றி உயர்த்தவில்லை. டர்போவைப் பெரிதாக்கினார்கள், டீசல் பீச்சிகளையும், பிஸ்டன்களையும், பிஸ்டன் வளையங்களையும் மாற்றினார்கள். இன்னுமொரு சங்கதி. தன்னியக்கக் கியர் பூட்டிய வண்டியில் முறுக்குவிசையை 450 நியூட்டன் மீற்றரிலிருந்து 500 ஆக்கியவர்கள், கையாற் கியர் மாற்றும் வண்டியில் அதை முன்போலவே 420 இல் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் ஒன்றேதான்; பின்னால் நிற்கும் பாகங்கள் வேறு. மடிக்கணினியோடு வரும் பையனுக்குப் பின்னால் நிற்பவற்றைப் பற்றிக் கவலை இல்லை.

பழைய காலத்திலும் இந்த ஆசை இருந்ததுதான். எமது தகப்பனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் நின்றது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 37 குதிரைவலு. ஊர் மெக்கானிக் காபரேற்றரின் ஜெற்றை மாற்றுவார். டிஸ்ரிபியூற்றரை மயிரிழை திருப்புவார். காதைக் கொடுத்துக் கேட்பார். ஒத்துவராவிட்டால் மறுபடி திருப்பி வைப்பார். அதற்குச் சாட்சி அவரும் அந்த ஸ்குறூ ட்றைவருமே. அக்காலத்திற் பெயர் பெற்ற மினி கூப்பரும் இவ்வாறு முறுக்கப்பட்ட வண்டிதான். சாதாரண மினி 848 கன சென்ரிமீற்றரில் 34 குதிரைவலு தந்தது. 1961 இல் வந்த கூப்பர் 997 இல் 55 தந்தது. ஆனால் அதைச் செய்வித்து விற்றது கொம்பனியே. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் சேர்த்தே பூட்டினார்கள்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருவோம். அனேக கொம்பனிகள் 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பொறுப்பேற்கின்றன. அங்கீகாரமின்றி வண்டியில் மாற்றஞ் செய்தால், அதனால் விளையும் பழுதுக்குத் தாம் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கும். பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தான். "பழையதை எடுத்து வைச்சுக்கொண்டு, சேர்விசுக்குக் கொண்டுபோக முன்னம் திருப்பி ஏத்திவிடுவாங்கள், மாமா. ஆருக்கும் தெரியாது."

இங்கேதான் அந்த ஸ்குறூ ட்றைவருக்கும் இந்த மடிக்கணினிக்கும் வித்தியாசம். தன்னுள் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கணினிகள் தாமே குறித்து வைக்கின்றன. பழையதைத் திருப்பி எழுதினால் அதுவும் ஒரு தடவையாகச் சேருமேயன்றி முன்னையது கழியாது. வொக்ஸ்வாகன், அவுடி வண்டிகளில் இப்படி மாற்றம் பிடிபட்டால், உற்பத்தியாளரின் பதிவில் அந்த வண்டியின் இலக்கத்துக்கு எதிரே 'ரி.டி. 1' என்றொரு குறி விழுந்துவிடும். அதன் பின்னர் வேறெந்த முகவரிடம் போனாலும் அந்தக் குறி கூடவே வரும்.

வவுனியாவில் எமக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். வண்டி வாங்கிச் சில மாதங்களில் ரியூனிங் செய்வித்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையுமில்லை. மதவாச்சி கடந்தால் பறக்கிறது என்று பார்ப்போரிடமெல்லாம் பெருமை பேசினார். பின்னர் டர்போ போயிற்று. முகவரின் வேலைத்தலத்திற் கணினியைக் கொழுவிப் பார்த்து, கையை விரித்துவிட்டார்கள். டர்போவுக்கு மறுத்தது நியாயம் என்றே நாம் கொள்கிறோம். ஆனால் அதற்குப் பின் குளிரூட்டி பழுதானபோதும் அதே காரணத்தைக் காட்டி மறுத்தார்களாம். குளிரூட்டியின் குழாயில் ஓட்டை விழுந்ததற்கும் டீசல் அட்டவணைக்கும் என்ன உறவு? வாடிக்கையாளன் ஒரு தவறு செய்தான் என்பதற்காக எல்லாப் பொறுப்பையும் தட்டிக்கழிப்பது வியாபார தர்மம் ஆகாது.

அமெரிக்காவில் இதற்கென 1975 இலேயே மக்னசன் மொஸ் உத்தரவாதச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வேறு கொம்பனியின் பாகத்தைப் பூட்டினான் என்ற ஒன்றையே சாட்டாக வைத்து உத்தரவாதத்தை மறுக்க அங்கே இயலாது. அந்தப் பாகத்தினாலேதான் பழுது நேர்ந்தது என்று கொம்பனி காட்டவேண்டும். ஆயினும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியவன், உடைந்த டர்போவைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தச் சட்டமும் அவனுக்கு அதிகம் உதவாது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. வவுனியா நண்பரைக் குளிரூட்டி விஷயத்தை மட்டும் எழுதி அங்கே முறையிடச் சொன்னோம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை.

பிள்ளையிடம் நாம் சட்டம் பேசவில்லை; ரம்பொடையைப் பற்றியே பேசினோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று ஐதாகும். அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். ஏற்கெனவே அழுத்தத்தைக் கூட்டி எழுதிய அட்டவணையோடு, முழுப் பாரத்தோடு, நீண்ட ஏற்றத்தில் அது எப்படிச் சுழலும்? டீசலைக் கூட்டிப் பீச்சினால் புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் சூடும் கூடும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவனவும் பிஸ்டனின் தலையும் டர்போவுமே. யாழ்ப்பாணத்துத் தட்டை வீதியில் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்லும் பையன் ரம்பொடைக்குக் கூட வரப்போவதில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது. கரும்புகை கக்கி அதிற் தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. வண்டி முற்றத்தில் நிற்கும்.

பெற்றோல் வண்டிக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் எழுதப்பட்டு விலைக்கு வரும் அட்டவணைகள் 95 ஒக்டேன், சில வேளை 98 ஒக்டேன் பெற்றோலை எண்ணி எழுதப்பட்டவை. நம்மவரில் அனேகர் அடிப்பது 92. தீப்பொறியை முன்தள்ளி எழுதிய அட்டவணையோடு அதை அடித்தால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று இடிக்கும். நல்ல கணினியானால் அதை உணர்ந்து தானே பின்வாங்கும். காசு கொடுத்து வாங்கிய பலமும் அத்துடன் பின்வாங்கும்.

லீசிங் வண்டியில் இன்னொரு சிக்கல். கடன் தீருமட்டும் அதன் உரித்தாளி லீசிங் கொம்பனியே. காப்புறுதிக்காரரிடமும் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்தொன்றின் பின் அதைக் கிண்டி எடுப்பார்கள். இதைக் கேட்டபோதுதான் பிள்ளை முதன்முதலாகப் பேசாமல் இருந்தான். தமக்கையார் தேநீரை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், வெறுங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார்.

முகவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கச் சொன்னோம்; கேட்டான். மாற்றஞ் செய்தால் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அதைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தான். பின்னர் காற்று வடியை மாற்றினான்; ரயர் காற்றைப் பாரத்துக்கேற்பச் சரிசெய்தான்; ஆறு மூடை வெங்காயத்தைக் குறைத்தான். ரம்பொடையில் இப்பொழுது சில இடங்களில் மூன்றாம் கியர் பிடிக்கிறதாம். பஸ்கள் இன்னும் ஹோர்ன் அடிக்கின்றன.

உத்தரவாதம் முடிந்த மறுநாள் செய்விப்பேன் என்பதில் மட்டும் அவன் பிடிவாதமாக நிற்கிறான். அது அவனுடைய வண்டி, நாம் மறுக்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டினோம். வாரத்துக்கு ஆயிரம் கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறான். 3 வருடம் என்பது அவனுக்கு இல்லை. 100,000 கிலோமீற்றர் 2 வருடத்துக்குள்ளேயே வந்துவிடும். அன்றைக்கு லீசிங் கட்டுவதற்கு இன்னும் 3 வருடம் மீதியிருக்கும். அவன் கடதாசியை வாங்கி, பெருக்கலைத் தானும் ஒரு முறை செய்து பார்த்தான். பின்பு, அம்மாவின் காப்புக்கு வட்டி கட்ட வேண்டிய திகதி எப்பொழுது என்று கேட்டான்.