ஃப்ளோராவுக்கு அடுத்த நாள்

போன வருசம் எங்கட பீடத்துக் கலைவிழாவுக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு மியூசிக்கல் செய்தோம். நாற்பது நிமிசம், ஐந்து பாட்டு. ஒருத்தி பாட்டு எழுதினாள். ஒருத்தன் மெட்டுப் போட்டு, இரவல் வாங்கின கீபோர்டில் வாசிச்சான். மிச்சம் இருந்த ஆளுக்குக் கதை, வசனம், நெறியாள்கை, ஃபோட்டோகொப்பி. 'இசை நாடகம்' என்று போட்டால் ஊர்ப் பெரியாக்கள் வைரமுத்துவின்ர மயான காண்டத்தை நினைச்சுக்கொண்டு வந்து ஏமாறுவினம் என்று நோட்டீசில் 'மியூசிக்கல்' என்றே போட்டோம்.

இரண்டாவது பாட்டில் மைக் செத்துப்போச்சு. மூன்றாவது பாட்டில் பின்வரிசைச் சீனியர்மார் கைதட்டத் தொடங்கினார்கள். பாட்டுப் பிடிச்சுத் தட்டேல்ல, நிப்பாட்டச் சொல்லித் தட்டினது. ஐந்தாவது பாட்டை நாங்களே வெட்டிப்போட்டு மேடையால இறங்கினோம்.

அதுக்குப் பிறகு ஒரு சண்டையும் நடக்கேல்ல. அண்டைக்கு இரவு மூன்று பேரும் கொத்து ரொட்டி சாப்பிட்டு, சீனியர்மாரைத் திட்டிச் சிரிச்சுப்போட்டுத்தான் பிரிஞ்சோம். பிறகு பரீட்சை வந்தது. ஸ்டடி லீவுக்கு ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது மெட்டுப் போடுறவன் கன்டீனில் வேறு மேசையில் இருந்தான். கண்டால் தலையாட்டுவான். நாங்களும் ஆட்டுவோம். இந்தக் கட்டுரையில் வருகிற 'நாங்கள்' இப்ப இரண்டு பேர்தான்.

இதைத் திரும்ப யோசிக்க வைத்தது ஒரு ஆவணப்படம். 2016இல் வந்தது; பெயர் நீளம், 'பெஸ்ட் வேர்ஸ்ட் திங் தட் எவர் குட் ஹாவ் ஹப்பன்ட்'. ஹொஸ்டலில் ஒரு லப்டொப்பை நடுவில் வைத்து, ஆளுக்கொரு இயர்ஃபோன் முனையைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தோம். 1981இல் பிராட்வேயில் படுதோல்வியடைந்த 'மெரிலி வீ ரோல் எலோங்' என்ற மியூசிக்கலின் கதை அது. அதில் அப்போது நடித்த லொனி பிரைஸ் என்பவரே முப்பத்தைந்து வருசம் கழித்து எடுத்த படம்.

தோற்றவர்கள் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. பாட்டும் இசையும் ஸ்டீபன் சொண்ட்ஹைம், நெறியாள்கை ஹால் பிரின்ஸ். எழுபதுகளில் இந்த இருவரும் சேர்ந்து ஐந்து மியூசிக்கல்கள் செய்திருந்தார்கள்: 'கம்பனி' (1970), 'ஃபொலீஸ்' (1971), 'எ லிட்டில் நைட் மியூசிக்' (1973), 'பசிஃபிக் ஓவர்ச்சர்ஸ்' (1976), 'ஸ்வீனி டொட்' (1979). கடைசியை ஜொனி டெப் நடித்த படமாக எங்களில் கனபேர் பார்த்திருப்போம். ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இராது. அமெரிக்க மியூசிக்கல் பெரியாக்களுக்கான கலையாக மாறியது இந்த இரண்டு பேராலும்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆறாவதுதான் மெரிலி. 1934இல் வந்த ஒரு நாடகத்தை எடுத்து ஜோர்ஜ் ஃபேர்த் புதிதாக எழுதினார். ஒரு இசையமைப்பாளன், ஒரு பாடலாசிரியன், ஒரு எழுத்தாளி. மூன்று கூட்டாளிகள். கதை பின்னோக்கிப் போகும். தொடக்கத்தில் நட்பு ஏற்கெனவே செத்துப்போயிருக்கும். இசையமைப்பாளன் ஃபிராங்க் பணக்காரப் படத் தயாரிப்பாளன். பாடலாசிரியன் சார்லியோடு பேச்சில்லை. எழுத்தாளி மேரி குடியில். ஒவ்வொரு காட்சியும் சில வருசம் பின்னுக்குப் போய்ப் போய், கடைசியில் 1957இல் ஒரு மொட்டைமாடியில் முடியும். இருபது வயதுகளில் மூன்று பேரும் வானத்தில் ஸ்புட்னிக் போவதைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும். அவைக்கு ஒண்டும் தெரியாது.

பிரின்ஸ் இதில் நடிக்கப் பதின்ம வயதுக்காரரையும் இருபதுகளில் இருந்தவர்களையும் எடுத்தார். எங்கட வயசுப் பெடியள் பெட்டையள். முதல் காட்சியில் அவர்கள் நடுத்தர வயதுக்காரராக நடிக்க வேண்டும். முன்காட்சிகளிலேயே சனம் குழம்பிப்போனது, ஆர் ஆரெண்டு விளங்கேல்ல. தைத்த உடுப்பெல்லாவற்றையும் எறிந்துவிட்டு, பாத்திரத்தின் பெயரோ உறவோ அச்சடித்த ஸ்வெட்சேர்ட்டுகளைப் போட்டுவிட்டார்கள். நடுவில் கதாநாயகனையே மாற்றினார்கள். இடைவேளைக்கு முதலே ஆட்கள் எழும்பிப் போனார்கள். நவம்பர் 16 திறந்து, 16 காட்சிகளோடு நவம்பர் 28 மூடினார்கள்.

ஆவணப்படத்தில் எங்களை உலுக்கினது இந்தக் கணக்கு இல்லை. ஏபிசி தொலைக்காட்சி அந்த நேரம் இந்தத் தயாரிப்பைப் படமெடுத்து வைத்திருந்தது. தொலைந்துபோனதாக நினைத்த அந்தச் சுருள்கள் பிறகு கிடைத்தன. அதில் இருபத்திரண்டு வயது லொனி பிரைஸ் கமெராவைப் பார்த்துக் கதைக்கிறார், முகமெல்லாம் வெளிச்சம். அதையே வயசான லொனி பிரைஸ் உட்கார்ந்து பார்க்கிறார். நாடகம் சொன்ன கதை நடித்தவர்களுக்கே நடந்துவிட்டது.

நடித்தவர்களுக்கு மட்டும் இல்லை. ஒரு நட்பு எப்படி உடையும் என்று நாடகம் செய்த சொண்ட்ஹைமும் பிரின்ஸும் அந்த நாடகத்துக்குப் பிறகு பிரிந்தார்கள். அடிபட்டுப் பிரியேல்ல. சார்லி செய்கிறமாதிரி நேரடி ஒளிபரப்பில் ஒருத்தரை ஒருத்தர் கிழிக்கவும் இல்லை. சந்திப்பார்கள், கதைப்பார்கள், சேர்ந்து வேலை மட்டும் செய்யவில்லை. சொண்ட்ஹைம் ஜேம்ஸ் லபைனோடு சேர்ந்து 'சண்டே இன் த பார்க் வித் ஜோர்ஜ்' (1984) செய்து புலிட்சர் பரிசு வாங்கினார். பிரின்ஸ் முதலில் ஐந்தே காட்சிகளில் மூடின இன்னொரு மியூசிக்கலைச் செய்து, சில வருசத்தால 'ஃபன்ரம் ஒஃப் த ஒபரா' செய்தார். அடுத்த புது மியூசிக்கல் இருவரும் சேர்ந்து செய்தது 2003இல், 'பவுன்ஸ்'. இருபத்திரண்டு வருசம்.

பிரின்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு நாடகம் திறந்த அடுத்த நாள் காலையில் அடுத்த நாடகத்துக்கான கூட்டத்தை வைத்துவிடுவார். வெற்றியோ தோல்வியோ, கூட்டம் கூட்டம்தான்.

இதில் ஆகக்கூட நன்மை அடைந்தவர்கள் ஜோன் கண்டரும் ஃபிரெட் எப்பும். 1965இல் அவர்களுடைய முதல் பிராட்வே மியூசிக்கல் 'ஃப்ளோரா த ரெட் மெனஸ்'; தயாரிப்பு பிரின்ஸ். திறக்க முதலே அவர் சொல்லிவிட்டாராம், என்ன நடந்தாலும் அடுத்த நாள் என் வீட்டுக்கு வாருங்கோ, அடுத்ததைப் பற்றிக் கதைப்பம் என்று. நடந்தது தோல்வி, 87 காட்சிகள்தான். (அதில் நடித்த 19 வயது லைசா மினெலிக்கு டோனி விருது கிடைத்தது, அது வேற கதை.) சொன்னபடி அடுத்த நாள் போனார்கள். கதைத்தது 'கபரே'யைப் பற்றி. 1966 நவம்பரில் திறந்து 1165 காட்சிகள் ஓடியது.

அந்த அடுத்த நாள் காலையை நாங்கள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தோம். பத்திரிகை விமர்சனம் வந்த சூட்டோடு, நித்திரை இல்லாத கண்ணோடு, ஒருத்தர் வீட்டு மணியை அடிக்கிறது எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! ஆனால் போகவேணும் என்று முதலே சொல்லியிருக்கிறபடியால் வெட்கத்துக்கு இடமில்லை. தோற்ற பிறகு 'வா' என்று கூப்பிடுகிறது கஷ்டம். தோற்க முதலே கூப்பிட்டு வைக்கிறது லேசு. எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அண்டைக்குக் கொத்து ரொட்டிக் கடையில் எல்லாம் கதைத்தோம், அடுத்து எப்ப சந்திக்கிறது என்று ஒருத்தரும் கேட்கேல்ல.

இன்னொன்றும் கதைக்கேல்ல: எங்கட நாடகத்தில என்ன பிழை என்று. சீனியர்மாரும் மைக்கும் இருந்ததால் அந்தக் கதை தேவைப்படவில்லை. சொண்ட்ஹைம் பள்ளிக்கூடப் பொடியனாக இருந்தபோது தன் பள்ளிக்கூடத்தைப் பற்றியே ஒரு மியூசிக்கல் எழுதி, சிநேகிதனின் தகப்பனிடம் கொடுத்தார். அந்தத் தகப்பன் 'ஒக்லஹோமா!' எழுதின ஒஸ்கார் ஹமர்ஸ்டைன். என்னைத் தெரியாதமாதிரி வாசியுங்கோ என்று கேட்டார். ஹமர்ஸ்டைன் அப்படியே வாசித்தார். தான் வாசித்ததிலேயே மோசமானது இதுதான் என்று சொல்லிவிட்டு, ஏன் மோசம் என்று முதல் வரியிலிருந்து பின்னேரம் முழுக்க விளங்கப்படுத்தினார். அந்த ஒரு பின்னேரத்தில்தான் இந்தத் தொழிலைக் கற்றேன் என்று சொண்ட்ஹைம் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். எங்கட மூன்றாவது பாட்டு, மைக் வேலை செய்திருந்தாலும், இழுவைதான். இப்ப சொல்லலாம்.

இழுத்ததுக்குக் காரணம் இருந்தது. மெட்டு முதலா, வரி முதலா? சினிமாப்பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு மெட்டுக்கு வரி எழுதுகிறதுதான் வழமை. அவன் இரவு ஒரு மணிக்கு 'ல ல லா' என்று வொய்ஸ் நோட் அனுப்புவான். எங்களில் பாட்டெழுதுகிறவள் விடிய எழும்பி எழுதுவாள். எழுதின வரியில் ஒரு அசை கூடினால் அவன் மெட்டை மாற்றமாட்டான். நல்ல சொல் கிடைத்தால் அவள் சொல்லை மாற்றமாட்டாள். மூன்றாவது பாட்டில் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். பாட்டுச் சப்பென்று போச்சு.

அமெரிக்காவில் இந்த ஒழுங்கு ஒரு ஆளின் வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்தது. றிச்சர்ட் றொஜர்ஸ் 1919இல் லொறன்ஸ் ஹார்ட்டைச் சந்தித்தபோது அவருக்கு 16 வயது, ஹார்ட்டுக்கு 23. றொஜர்ஸ் மெட்டை முடித்துக் கொடுத்தால்தான் ஹார்ட் எழுதுவார். ஆளைக் கண்டுபிடித்து மேசையில் இருத்தினால் மளமளவென்று எழுதுவார், கண்டுபிடிக்கிறதுதான் பாடு. குடி, காணாமல்போதல். இருபது வருசத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒக்லஹோமா வேலை வந்தபோது ஹார்ட் விருப்பப்படவில்லை. றொஜர்ஸ் ஹமர்ஸ்டைனிடம் போனார். அங்கே ஒழுங்கு தலைகீழ். ஹமர்ஸ்டைன் கிழமைக்கணக்காக இருந்து வரிகளை எழுதி அனுப்புவார், றொஜர்ஸ் அதுக்கு மெட்டுப் போடுவார். அதே மனுசன்தான், ஆனால் இசை வேறொருத்தருடையது மாதிரி மாறிப்போனது.

1943 மார்ச்சில் திறந்த ஒக்லஹோமா 2212 காட்சிகள் ஓடியது. இதில் றொஜர்ஸைத் துரோகி என்று எழுதுவது சுகம். எங்களில் ஒராள் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள், மற்ற ஆள் வெட்டினது. ஏனென்றால் அந்த வெற்றிக்குப் பிறகு, அதே வருசம், றொஜர்ஸ் திரும்ப ஹார்ட்டிடம் போனார். இருவருடைய பழைய மியூசிக்கல் ஒன்றைத் தானே தயாரிப்பதாகச் சொல்லி, அதுக்குப் புதுப் பாட்டுகள் எழுத வைத்தார். ஹார்ட்டும் எழுதினார், நன்றாகவே எழுதினார். நவம்பர் 17 திறந்தது. அண்டைக்கு ஹார்ட் வெறியில் வந்து கொட்டகைக்குள்ளே குழப்பம்பண்ண, வெளியே கொண்டுபோகவேண்டி வந்தது. நவம்பர் 22 நியூமோனியாவில் இறந்துபோனார். 48 வயது.

ஆகவே அடுத்த நாள் கூட்டம் எல்லாத்தையும் காப்பாற்றும் என்று நாங்கள் சொல்லவரேல்ல.

ஆனால் கூடிக்கொண்டே இருந்தவர்களும் இருக்கிறார்கள். கண்டரும் எப்பும் மெட்டு முதலா வரி முதலா என்ற பிரச்சினையே இல்லாமல், ஒரே அறையில், ஒரே நேரத்தில் எழுதினார்கள். எப் 2004இல் இறக்கும்வரை நாற்பது வருசம். பெட்டி கொம்டனும் அடொல்ஃப் கிரீனும் இன்னும் விசேசம். 'ஒன் த டவுன்' (1944) தொடங்கி, 'சிங்கிங் இன் த ரெயின்' படம் எல்லாம் எழுதின சோடி. ஆளுக்காள் வேறு குடும்பம் இருந்தும், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் சந்தித்தார்கள். எழுத ஒண்டும் இல்லாவிட்டாலும் அறையில் இருந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். கம்பஸில் ஒரு பெடியனும் பெட்டையும் அப்படி இருந்தால் மூன்றாம் நாள் என்ன கதை வரும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கும் வந்தது.

மெரிலி பிறகு பிழைத்துக்கொண்டது. சொண்ட்ஹைமும் ஃபேர்த்தும் வருசக்கணக்காகத் திருத்தித் திருத்தி வைத்தார்கள். 2002இல் பழைய நடிகர்கள் ஒரு இரவுக்குக் கூடித் திரும்பப் பாடினார்கள். 2023இல் பிராட்வேயில் புதிதாகத் திறந்து, அடுத்த வருசம் டோனி விருது வாங்கியது. சார்லியாக நடித்தது எங்கட ஹரி பொட்டர், டானியல் ரட்கிளிஃப். அவருக்கும் விருது. அதைப் பார்க்கப் பிரின்ஸும் இல்லை, சொண்ட்ஹைமும் இல்லை. ஒருத்தர் 2019இலும் மற்றவர் 2021இலும் போய்விட்டார்கள்.

படம் முடிய இரவு இரண்டு மணி. இயர்ஃபோனைக் கழற்றிப்போட்டு, கலைவிழாவுக்கென்று தொடங்கின வட்ஸப் குரூப்பைத் தேடி எடுத்தோம். கடைசி மெசேஜ் எட்டு மாசத்துக்கு முந்தினது: கீபோர்ட் ஆருக்குத் திருப்பிக் குடுக்கிறது? பதில் இல்லை. அதுக்குக் கீழே எழுதினோம்: "மூன்றாவது பாட்டு இழுவை. மெட்டும் பிழை, வரியும் பிழை. சனிக்கிழமை பத்து மணி, பழைய இடம்." இதில் 'மெட்டும்' முதலில் வரவேணுமா 'வரியும்' முதலில் வரவேணுமா என்று எங்களுக்குள்ள கால் மணித்தியாலம் சண்டை.

காலையில பார்த்தபோது இரண்டு சரியும் நீலமாக இருந்தது. பதில் இன்னும் வரேல்ல. இண்டைக்கு வியாழன்.