கூடிவந்த ஆண்டுகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை எம் முன்னோர் படுவான்கரை என்றனர். கதிரவன் படும் கரை. எங்கள் அம்மம்மாவின் காலத்தில் மனிதரும் அங்கே விரைந்தே சாய்ந்தனர். ஏழு பிள்ளைகளைப் பெற்று மூவரை மட்டுமே வளர்த்தெடுத்தவர் அவர். குளிர்காய்ச்சல் கொண்டுபோன நால்வரைப் பற்றிப் பேசுகையில் யாரையும் நோகமாட்டார். "தலையெழுத்து" என்பார்.

அந்த எழுத்தை அழித்தவர் எவர்? 1946 இல் வீட்டுச் சுவர்களில் நுளம்புக்கு டி.டி.டி. தெளிக்கும் பணி இலங்கையெங்கும் பரவிற்று. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த மரண விகிதம் 1947 இல் 14 ஆயிற்று. டி.டி.டி. ஒன்றே காரணமன்று என்று ஆய்வாளர் வாதிடுவர். உண்மைதான். இலவச வைத்தியசாலை, கிராமத்து மருத்துவிச்சி, எழுத்தறிந்த தாய், வயிற்றுக்குச் சோறு ஆகிய அனைத்தும் சேர்ந்தே எம் ஆயுளை நீட்டின. இவற்றில் எதுவும் தனியொருவர் விலைக்கு வாங்கியதன்று.

பெற்றதைக் காப்பதும் எளிதன்று. 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா கண்டது. விழிப்புத் தளர்ந்ததும் 1967-68 இல் அது கொள்ளைநோயாகத் திரும்பிற்று. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது 2016 இல்தான். இடையிலே போர் வந்தது. நுளம்பிடமிருந்து மீட்ட ஆயுளை, 2009 வரை துப்பாக்கியிடம் பறிகொடுத்தோம்.

இன்று முதுமையையே வெல்ல விஞ்ஞானம் முனைகின்றது. 1964 இல் ஈஸ்டர் தீவில் அள்ளிய மண்ணிலிருந்து பின்னர் பிரித்தெடுத்த ராபமைசின், எலிகளின் ஆயுளை நீட்டுவதாக 2009 இல் கண்டனர். முதுமையைப் பின்தள்ளும் வழிதேடி 2022 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்டோஸ் லாப்ஸ் நிறுவனத்தின் மூலதனம் 300 கோடி டொலர். சிதம்பரத்திற் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், 2024 இல் வெளியிட்ட தம் நூலில், இவ்வாராய்ச்சியின் பயனையும் அதனைச் சூழ்ந்த ஆரவாரத்தையும் நிறுத்துப் பார்க்கின்றார். விஞ்ஞானத்தைப் பழிப்பது எம் நோக்கமன்று. அதன் கனி யார் கையிற் சேரும் என்பதே எம் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் மண்டூர்த் துறையடியில், குருமண்வெளிக்குச் செல்லும் படகுக்காகக் காத்திருந்தோம். அருகில் ஒரு மூதாட்டி கிளினிக் கொப்பியை மடியில் வைத்திருந்தார். சீனி வருத்தம், வயது எண்பதுக்கு மேல். பிள்ளைகள் வெளிநாட்டில்.

"மருந்து சும்மாதான் தாறாங்க மகன். அக்கரைக்குப் போய்ச் சேர்றதுதான் பாடு" என்றார்.

அம்மம்மாவுக்குக் கிட்டாத முதுமை இவருக்குக் கிட்டியிருந்தது. அதைச் சுமக்கத் துணைதான் இல்லை.

நாளை ஆயுளை நீட்டும் மருந்து எங்கோ ஓர் ஆய்வுகூடத்திற் பிறக்கலாம். அது பணமுள்ளவன் வீட்டோடு நின்றுவிடாமல் படுவான்கரைக்கும் வரவேண்டும். கூடும் ஆண்டுகளில் முதியோரைத் தாங்க ஊரும் அரசும் முன்வரவேண்டும். வகுப்பறையில் இதனை இன்றே பேசத் தொடங்குவோம். அம்மம்மாவின் தலையெழுத்தை மாற்றியது சந்தை அன்று, சமுதாயம்.