எலுமிச்சம்பழமும் உத்தரவாதமும்

நம் வீடுகளில் புது வண்டி வந்தால் முதலில் போவது எண்ணெய் நிலையத்துக்கு அல்ல, கோயிலுக்கு. குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டுத் தேங்காய் உடைப்பார். நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம். வண்டியை மெல்ல நகர்த்தி அதை நசுக்கிவிட்டால் திருஷ்டி கழிந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். என் தம்பி வாங்கிய பிக்கப்புக்கும் இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அப்படியும் எட்டே மாதத்தில், 13,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, அது நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது.

தம்பியும் நானும் சுபாங் ஜெயாவில் ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். எனக்கு வானொலியில் காலை நிகழ்ச்சி. அவனுக்குக் கிள்ளானில் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதுவானாலும் கூப்பிடுவார்கள். அந்தப் பிக்கப்தான் அவனுடைய தொழில் வண்டி. வார நாள்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அம்மா மருத்துவமனைக்குப் போவதும் அதில்தான். மாதத் தவணை 1,450 வெள்ளி, ஒன்பது ஆண்டுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் கல்யாணத்துக்கான கூடாரத்தை ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பத்து தீகாவில் பழைய டோல் சாவடி இருந்த இடத்தைத் தாண்டியதும் மீட்டர் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் இஞ்சின் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன.

இப்போதைய வண்டிகளில் இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஏதோ கோளாறு என்று உணர்ந்தால், மேலும் சேதம் ஆகாமலிருக்கச் சக்தியை வேண்டுமென்றே குறைத்துவிடும். பாதுகாப்பான இடத்துக்கு ஊர்ந்து போகும் அளவுக்கு மட்டும் விட்டுவைக்கும். அந்த நேரத்தில் மேலும் மேலும் மிதிப்பதில் பயனில்லை. அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, எல்லாரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பதுதான் முதல் வேலை. தம்பி அதைச் சரியாகச் செய்தான். நாம் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர்களிடம் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, உத்தரவாதப் புத்தகத்தில் இருந்த சாலை உதவி எண்ணை அழைத்தான். நண்பர் ஒருவரின் லோரி வந்து கூடாரத்தை ஏற்றிக்கொண்டது. கல்யாணம் தடையில்லாமல் நடந்தது.

வீட்டில் அம்மா சொன்னார், “கண்ணு பட்டுடுச்சுப்பா. எல்லாரும் பாத்துப் பாத்து பேசினாங்க.” அப்பாவின் நண்பர், நாற்பது ஆண்டு பட்டறை நடத்தியவர், எட்டிக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். “நான் தொட்டேன்னா உன் வாரண்டி போயிடும் தம்பி. கம்பெனிக்கே அனுப்பு” என்றார். பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே சிறந்தது அதுதான்.

வண்டி விற்பனை நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போனது. நான்காம் நாள் பதில் வந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதாம். உயர் அழுத்த பம்ப், நான்கு இன்ஜெக்டர், டாங்கி கழுவுவது எல்லாம் சேர்த்து 16,800 வெள்ளி. அசுத்த எண்ணெயால் வந்த கோளாறு உத்தரவாதத்தில் வராதாம்.

தண்ணீர் டீசல் இஞ்சினுக்கு எமன்தான், அதில் சந்தேகமில்லை. நம் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று மேல். இன்றைய டீசல் இஞ்சினில் எண்ணெய் ஏறக்குறைய 2,000 பார் அழுத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. பம்புக்கு மசகும் அந்த டீசல்தான். அதில் தண்ணீர் சேர்ந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் 10 விழுக்காடு கலந்த டீசல் 2019 முதல் நம் நிலையங்களில் விற்கப்படுகிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்க்கும். அதனால்தான் இவ்வகை வண்டிகள் பலவற்றில் எண்ணெய் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால் எச்சரிக்கும் உணர்கருவி வைத்திருக்கிறார்கள். தம்பியின் வண்டியிலும் அது இருந்தது.

ஆக, அவர்கள் சொன்ன காரணம் நடக்கக்கூடியதுதான். இந்த வண்டியில் நடந்தது அதுதானா என்பது வேறு கேள்வி. தம்பி மூன்று நாள் போன் செய்தான். மூன்று நாளும் வேறு வேறு ஆள்கள் பேசினார்கள், மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். கடைசியில் அவன் சோர்ந்துபோய், “பணத்தைக் கட்டி எடுத்துடலாம்ணே. தீபாவளிக்கு ஆர்டர் இருக்கு. வாடகை லோரிக்கே காசு ஓடுது” என்றான். அந்த 16,800 வெள்ளி, பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல்.

எனக்குப் பேச்சுதான் சோறு போடுகிறது. பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் படித்ததும் பேச்சையும் எழுத்தையும்தான். ஆனால் சேவை நிலையத்துக் கவுண்டரில் பேச்சு காற்றோடு போய்விடும். அங்கே தாள்தான் நிற்கும். அன்றிரவு தம்பியின் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கோபமில்லாமல் நான்கு கேள்விகள். வண்டி வந்து சேர்ந்தபோது ஸ்கேனரில் எடுத்த பிழைக் குறியீடுகளின் அச்சுப் பிரதி எங்கே? டாங்கியிலிருந்து எடுத்த டீசல் மாதிரி எங்கே, அதில் பாதியை எங்களுக்குத் தர முடியுமா? உத்தரவாதப் புத்தகத்தின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள்? இதையெல்லாம் கையொப்பமிட்டு எழுத்தில் தருவீர்களா?

ஒரு வாரத்தில் பதில் வந்தது. டீசல் மாதிரி இல்லை, டாங்கியைக் கழுவும்போதே கொட்டிவிட்டார்களாம். பிழைக் குறியீட்டு அச்சுப் பிரதி இருந்தது. அதில் எண்ணெய் அழுத்தம் குறைந்த குறியீடு பதிவாகியிருந்தது. தண்ணீர் எச்சரிக்கை ஒருமுறைகூடப் பதிவாகவில்லை. தம்பி நிறுவனக் கணக்குக்காக ஒவ்வொரு எண்ணெய் ரசீதையும் பத்திரப்படுத்துகிறவன். எட்டு மாத ரசீதுகள் இருந்தன, எல்லாம் பெயர் பெற்ற நிலையங்களுடையவை. சேவைப் புத்தகத்திலும் ஒரு முத்திரை தவறவில்லை.

“இது தொழில் வண்டிண்ணே, நமக்கு எந்தச் சட்டம் இருக்கு?” என்று தம்பி கேட்டான். நம்மில் பலருக்கு இருக்கும் சந்தேகம் இது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பார்ப்பது, பொருள் சாதாரணமாகச் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கப்படும் வகையைச் சேர்ந்ததா என்பதைத்தான். மறுவிற்பனைக்கோ தயாரிப்புத் தொழிலில் பயன்படுத்தித் தீர்ப்பதற்கோ வாங்கியதாக இருக்கக் கூடாது. புஞ்சாக் நியாகா நிறுவனம் தன் தலைவரின் உபயோகத்துக்காக ஒரு மெர்சிடிஸ் கார் வாங்கி, அது அடிக்கடி கிளம்பாமல் நின்றதால் விற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பயனீட்டாளராக ஏற்றுச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரட்டைக் கதவு பிக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வண்டியும்தான்.

அந்தச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது அதற்குரிய வேலைக்குப் பொருந்த வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும். இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி எடுத்துவிட முடியாது என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. நிறுவனம் தரும் உத்தரவாதம் நிறுவனத்தின் வாக்கு. சட்டம் தரும் உத்தரவாதம் அதற்கு அப்பாற்பட்டது. உத்தரவாதப் புத்தகத்தில் “இல்லை” என்று இருப்பதால் மட்டும் கதை முடிவதில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான் திரிபூனல் துந்துதான் பெங்குனா என்று நாம் அறிந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். தம்பி முதலாம் பாரத்தை நிரப்பி, ரசீதுகளையும் அச்சுப் பிரதியையும் எங்கள் கடிதத்தையும் இணைத்து மனுச் செய்தான். நிறுவனம் பதில் மனுக் கொடுக்க 14 நாள் அவகாசம்.

விசாரணைக்கு முன்பே போன் வந்தது. பம்ப், இன்ஜெக்டர், கூலி எல்லாவற்றையும் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏழு வாரத்துக்கு அவன் கொடுத்த லோரி வாடகை 3,900 வெள்ளியைத் தர முடியாது. அதைக் கேட்டு மன்றத்தில் நிற்கவும் அவனுக்கு உரிமை இருந்தது. நில் என்றேன் நான். தம்பி யோசித்துவிட்டு, “எனக்கு வண்டி வேணும்ணே. தீபாவளி எனக்காக நிக்காது” என்றான். சமரசத்தை எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வண்டியும் அவனுடையது, தவணையும் அவனுடையது. இருந்தாலும் அந்த 3,900 வெள்ளி எனக்கு இன்னும் உறுத்துகிறது. உரிமை இருப்பவனுக்கும் காத்திருக்க வசதி இருக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் வேறொரு எலுமிச்சை வருகிறது. திரும்பத் திரும்பக் கெட்டுப்போகும் புது வண்டியை ஆங்கிலத்தில் லெமன் என்பார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இல் அத்தகைய வண்டிகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்கும் சுமை விற்பவர் தலையில். நம் நாட்டில் வண்டிகளுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. வேண்டும் என்ற பேச்சு மட்டும் பல ஆண்டுகளாக நடக்கிறது. வந்தால், எங்கள் வீட்டைப் போன்றவர்கள் ரசீதுக் கட்டோடு அலைவது ஓரளவு குறையும்.

பெரிய பெயர் வைத்த வண்டியில் கோளாறு வராது என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2015க்கும் 2020க்கும் இடையில் விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 260,000க்கும் மேற்பட்டவற்றில் புகை வடிகட்டி அமைப்பு சரியில்லை என்று உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அவை ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று 2022இல் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு எவ்வளவு என்ற வாதம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. நம் சட்டத்தில் உள்ள அதே “ஏற்கத்தக்க தரம்” என்ற அளவுகோல்தான் அங்கும் வென்றது.

வண்டி வாங்குகிறவர்களுக்கு, குறிப்பாக முதல் சம்பளத்தில் ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடும் இளையவர்களுக்கு, நான் சொல்வது இதுதான். பூஜை போடுங்கள், அம்மாவின் மனம் குளிரட்டும். போகிற வழியில் இரண்டு வெள்ளிக்கு ஒரு கோப்பும் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம், உத்தரவாதப் புத்தகம், ஒவ்வொரு சேவை ரசீது, எண்ணெய் ரசீது எல்லாம் அதற்குள் போகட்டும். வெப்பத்தில் ரசீதின் எழுத்து மங்கிவிடும், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தேதியும் கிலோமீட்டரும் தெரியும்படி மீட்டர் பலகையைப் படம் எடுங்கள். வண்டியை விடும்போது குறையை வேலைச் சீட்டில் உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், முடிவு எடுப்பது அவர் அல்ல. “இதை எழுதித் தருவீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அன்று யார் என்ன சொன்னார் என்பதை அன்று மாலையே நீங்கள் எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.