நடுவர் பார்த்த வரைபடம்



மூன்று நாளாக எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரெஞ்சுக்காரருக்கும் பிரஷ்யருக்கும் சண்டை. லீவுக்கு வந்த பேரன் பிரெஞ்சுத் தளபதி, அவன் நண்பன் பிரஷ்யத் தளபதி. கற்பனைப் போர்தான். வரலாற்று வாத்தியார் ஆயிற்றே என்று என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

இது பழைய விளையாட்டு. 1806இல் யேனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா படுதோல்வி அடைந்தது. அதே மாதம் பெர்லினும் பறிபோனது. 18 ஆண்டுகள் கழித்து, 1824இல், ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி போர்ப் பயிற்சிக்கான விளையாட்டு விதிகளை வெளியிட்டார். வரைபடம், சிவப்பு நீலக் கட்டைகள், பகடை, ஒரு நடுவர். கட்டளையை நடுவரிடம்தான் கொடுக்க வேண்டும். நிற்கும் இடத்திலிருந்து படையின் கண்ணுக்கு எது தெரியுமோ, அதை மட்டுமே நடுவர் காட்டுவார்.

எங்கள் ஆட்டத்தில் பிரஷ்யப் படை குன்றுக்குப் பின்னால் வடக்கே நழுவியது. பேரன் குதிரைப்படையைக் கிழக்கே அனுப்பினான். விடை சொல்லியே பழகிய வாய்; அடக்கிக்கொண்டேன். தோற்ற பிறகு முழு வரைபடத்தையும் காட்டினேன். "இது தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கம் போயிருப்பேனா தாத்தா?" என்றான். கண் கலங்கியிருந்தது.

குரூஷி என்ற பிரெஞ்சுத் தளபதியின் கதையும் இதுதான். 1815 ஜூன் 16இல் லினியில் பிரஷ்யர்கள் தோற்றார்கள். மறுநாள் அவர்களைத் துரத்த, சுமார் 33,000 பேருடன் குரூஷியை நெப்போலியன் அனுப்பினார். பிரஷ்யர்களோ தங்கள் நாடிருக்கும் கிழக்கே ஓடாமல் வடக்கே வாவ்ர் ஊருக்குப் போனார்கள். அங்கிருந்து 18ஆம் தேதி பெரும்படை வாட்டர்லூ சென்று வெலிங்டனோடு சேர்ந்துகொண்டது. நெப்போலியன் கதை முடிந்தது. பழி குரூஷி தலையில். பீரங்கிச் சத்தம் கேட்டும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் அவரிடம் இருந்த கட்டளை பிரஷ்யர்களைத் துரத்து என்பதுதானே?

நிலத்தை விற்ற அப்பாவை, படிப்பை நிறுத்திய தாத்தாவை, "கொஞ்சம் யோசித்திருக்கலாம்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நாம் பார்ப்பது நடுவரின் வரைபடம். அவர்களுக்குத் தெரிந்ததோ குன்றுக்கு இந்தப் பக்கம் மட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அன்று அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.