ஃபர்ம்வேர் பயம் தெளிந்த கதை

கணினிக்கு மின்சாரம் வந்த முதல் நொடியில் நெட்வொர்க் இருக்காது. வட்டில் இருப்பதைப் படிக்கவும் ஆள் இருக்காது. தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதையே ஃபர்ம்வேர் எங்கிருந்தாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கியூஎமு உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்தில் (வி.எம்.) அந்த விவரங்கள் எல்லாம் கியூஎமுவின் கையில். உள்ளே ஓடும் ஃபர்ம்வேரான சீபயாஸுக்கோ ஓவிஎம்எஃப்புக்கோ அவற்றைச் சொல்ல வைத்திருக்கும் வழிதான் எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜி.

இந்த அடுக்கின் பக்கமே நான் பல வருடம் போனதில்லை. வி.எம். வேலைதான் செய்துகொண்டிருந்தேன், ஆனால் ஃபர்ம்வேர் என்றதும் அது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களின் இடம், நமக்கு இயங்குதளம் வரைதான் என்று ஒதுங்கிவிடுவேன். யாரும் என்னை விரட்டவில்லை. நானே போட்டுக்கொண்ட வேலி அது.

எங்கள் சோதனைக்கூடத்து நெட்வொர்க் வெளியுலகத் தொடர்பு இல்லாதது. டிஎச்சிபி கிடையாது, மெட்டாடேட்டா சர்வரும் கிடையாது. ஒவ்வொரு வி.எம்.முக்கும் அதன் பெயர், ஐபி முகவரி, எஸ்எஸ்எச் சாவி எல்லாம் போட்டு ஒரு குட்டி ஐஎஸ்ஓ தயாரித்து இணைப்போம். இயந்திரங்கள் கூடக்கூட எந்த ஐஎஸ்ஓ யாருடையது என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டது. குழுவில் மூத்தவரான அக்கா ஒருநாள் சொன்னார்: “ஃபர்ம்வேருக்கே கியூஎமு ஒரு வழியில தகவல் குடுக்குது தம்பி. உன் ஃபைலையும் அதே வழியில குடுத்துடேன்.”

கொடுப்பது எளிது. கியூஎமு கட்டளையில் ஒரு பெயரும் ஒரு கோப்பும் சொன்னால் போதும். நாம் வைக்கும் பெயர் ‘ஆப்ட்/’ என்று தொடங்க வேண்டும். அடுத்து நம் டொமைனைத் தலைகீழாக எழுதுவது வழக்கம். 2015-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. லினக்ஸ் கர்னல் 4.6 முதல் இதற்கான மாட்யூலும் உண்டு. அதை ஏற்றினால் நாம் கொடுத்தது சிஸ்எஃப்எஸ்ஸில் சாதாரணக் கோப்பாகவே தெரியும். எக்ஸ்86 கியூஎமுவில் ஓடும்போது ஃபெடோரா கோர்ஓஎஸ் தன் முதல் பூட்டுக்கான இக்னிஷன் கோப்பை இந்த வழியில்தான் வாங்கிக்கொள்கிறது. பயணம் புறப்படுபவர் கையில் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவது போல, வழியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வேலை முடிந்தது. ஆனால் அக்கா என்னை அங்கே நிற்க விடவில்லை. மாட்யூல் இல்லாமல் நீயே படித்துப் பார் என்றார். எக்ஸ்86-இல் இரண்டே போர்ட்கள்: பதினாறடிமானத்தில் 510, 511. எதைப் படிக்க வேண்டுமோ அதன் எண்ணை 510-இல் எழுத வேண்டும். பிறகு 511-ஐ ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரு பைட் வரும். ரூட் உரிமையோடு ஒரு சிறு சி நிரல் எழுதி, பூஜ்யத்தை அனுப்பிவிட்டு நான்கு முறை படித்தேன். கியூ, ஈ, எம், யூ என்று நான்கு எழுத்துகள் வந்தன. என் நிரலுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் எந்த டிரைவரும் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

கோப்புப் பட்டியல் 19 என்ற எண்ணில், அதுவும் பதினாறடிமானம், இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 64 பைட்; அதில் பெயருக்கு 56. அங்குள்ள எண்கள் பெரிய முனை முதலில் வரும் வரிசை, எக்ஸ்86 அதற்கு நேரெதிர். திருப்பாமல் படித்தால் 10 கோப்பு 16,77,72,160 என்று தெரியும். ஒவ்வொரு பைட்டாக வாங்குவது பெரிய கர்னல் கோப்புகளுக்கு மெதுவானது என்பதால் பின்னர் நினைவகத்துக்கே மொத்தமாகக் கொண்டுவரும் டிஎம்ஏ வழியும் சேர்த்தார்கள்.

இரண்டு விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கோப்பை மாற்றிவிட்டு வி.எம்.மின் உள்ளே ரீபூட் செய்தால் பழையதுதான் வரும். கியூஎமு அதைப் படிப்பது தான் தொடங்கும்போது மட்டுமே. இரண்டாவது, கடவுச்சொல்லை இந்த வழியில் அனுப்பக் கூடாது. கட்டளையிலேயே சரமாக எழுதினால் ஹோஸ்டில் ‘பிஎஸ்’ அடிக்கும் எவருக்கும் தெரியும். கோப்பாகக் கொடுத்தாலும் உள்ளே ரூட் உரிமை கிடைத்த எவரும் அந்த வி.எம். ஓடும் வரை படிக்கலாம். உள்ளிருந்து அழிக்க வழி இல்லை. ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கனை அனுப்புங்கள். அதைக் காட்டி உண்மையான ரகசியத்தை இயந்திரம் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

இதன் முழு விளக்கமும் கியூஎமு மூலநிரலில் ‘டாக்ஸ்’ அடைவின் ‘ஸ்பெக்ஸ்’ பகுதியில் இருக்கிறது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஃபர்ம்வேர் நமக்கு எதற்கு என்று நினைக்கும் இளைஞர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். அந்த நான்கு எழுத்துகளை உங்கள் நிரலாலேயே படித்துப் பாருங்கள்.