காம்பியாவின் கடற்கரையும் அதன் விருந்தினரும்

ரயிலே ஓடாத ஒரு நாட்டைப் பற்றி ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் எழுதப் புகுவது நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், சங்கத்து வாசகசாலையில் ஆப்பிரிக்கப் படத்தை விரித்து வைத்திருந்தபோது, மேற்குக் கரையில் ஒரு மண்புழுவைப் போல் வளைந்து கிடந்த காம்பியா நம் கண்ணைக் கவர்ந்தது. அன்று முதல் அதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்து வருகின்றோம்.

ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதுவே மிகச் சிறிய நாடு. அகலம் எங்கும் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. மூன்று புறமும் செனகல் சூழ்ந்திருக்க, மேற்கே அட்லாண்டிக் மாகடல். நடுவே காம்பியா ஆறு. அந்த ஆறே நாட்டின் முதுகெலும்பு. 1965 பிப்ரவரியில் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாட்டுக்கு அந்நாளில் நிலக்கடலையை விட்டால் வேறு வருவாய் சொற்பமே.

அதே 1965-இல் பெர்ட்டில் ஹார்டிங் என்னும் ஸ்வீடன் தேசத்தவர் குளிருக்கு அஞ்சிய தம் நாட்டார் ஏறக்குறைய 300 பேரை இக்கடற்கரைக்கு அழைத்து வந்தார். இன்று அங்கே ஒரு நெடுஞ்சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிறகு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வந்தனர்; மணற்கரையில் ஹோட்டல்கள் எழுந்தன.

வந்தவர் பணம் யாரைச் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். பிரயாணம், தங்கல், உணவு, பானம் அனைத்துக்கும் சொந்த ஊரிலேயே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர் ஹோட்டல் வாயிலைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. தேர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கட்டுச்சோற்றோடு வந்து சத்திரத்துக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பினால் தேரடிக் கடைக்காரனுக்கு என்ன கிட்டும்? பழம் விற்பவரும் வாடகைக் கார் ஓட்டுநரும் முறையிட்டனர். 1999-இல் அரசு இம்முறையைத் தடை செய்தது. ஆனால் அயல்நாட்டுப் பிரயாண முகவர்கள் மனம் வைத்தாலன்றி விமானம் வாராது. மறு ஆண்டே தடை நீங்கிற்று. எளியவனின் சட்டம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை எண்ணி அன்று நாம் பெருமூச்செறிந்தோம்.

எனினும் அவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. 2000-இல் சிறு தொழில் புரிவோர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். கடற்கரையில் பழச்சாறு பிழிவோர் முறையான கடை, விலைப் பட்டியல், மார்பில் அடையாளச் சின்னம் என்று ஒழுங்கு செய்துகொண்டனர். முன்பு வழிமறித்து நச்சரித்தவர்களைக் கண்டு ஒதுங்கிய வெள்ளையர், இப்பொழுது தாமாகவே வந்து வாங்கினர், வருவாயும் உயர்ந்தது.

நம்மை மிகவும் கவர்ந்தவர்கள் சிப்பி எடுக்கும் பெண்கள். தலைநகர் பான்ஜுலை அடுத்த தன்பி சதுப்பு நிலத்தில், அலையாத்தி வேர்களில் ஒட்டிய சிப்பிகளைப் படகில் சென்று எடுப்பது அவர்கள் பிழைப்பு. வேரோடு வெட்டினால் மரம் சாகும். மரம் செத்தால் சிப்பி ஏது, மீன் ஏது, பறவை ஏது? 2007-இல் ஒன்றுகூடிய இப்பெண்கள் வேரை வெட்டாதிருக்கவும், ஆண்டில் பல மாதங்கள் சிப்பியைத் தொடாதிருக்கவும் தாமே உறுதி பூண்டனர். 2012-இல் ஐக்கிய நாடுகளின் பரிசு ஒன்றும் அவர்களைத் தேடி வந்தது. வயிற்றைக் கட்டிக் காத்த அந்தக் காடு பறவை காண வருகிறவர்களுக்கும் விருந்தாகின்றது. அச்சிறு நாட்டில் 500-க்கு மேற்பட்ட பறவையினங்கள் உண்டென்றால் பாருங்களேன்!

ஒரே பருவத்தை நம்பிய பிழைப்பு எத்தகையது என்பதை, கோடை ஸ்பெஷல்கள் நின்றபின் பிளாட்பாரத்தில் குந்தியிருக்கும் போர்ட்டர்களைப் பார்த்து நாம் அறிவோம். காம்பியாவில் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே. 2014-இல் அயல் நாடுகளில் எபோலா நோய் பரவியபோது, காம்பியாவில் ஒருவருக்கும் அது காணாதிருந்தும் பிரயாணிகள் வாராது போயினர். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் கம்பெனி நொடித்தபோதும் ஹோட்டல் அறைகள் காலியாயின.

அதே 2019 ஜனவரியில்தான் பாராபென்னிக்கு அருகே ஆற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் லாரிகள் படகுத்துறையில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. இப்பொழுது கடற்கரையை விட்டு உள்நாடு சென்று, வாசு என்னும் ஊரின் பழங்காலக் கல்வட்டங்களைக் காண்பது எளிதாயிற்று. அங்கே வழி காட்டவும் சோறு ஆக்கிப் போடவும் கிராமத்தார் இருக்கின்றனர்.